பரசுராமன் திறக்காத கண்கள்

காஞ்சிபுரத்தில் அந்தக் காலத்தில் காகிதக் கூழில் கொலு பொம்மை செய்கிறவர்கள் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். ஆனால் பரசுராமன் என்றால் ஒருவர்தான். இதை வேறு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார். சொன்னால் என்ன, பொய்யா? ஆவணி பிறந்ததும் மயிலாப்பூரிலிருந்தும் திருவல்லிக்கேணியிலிருந்தும் பெரிய வீட்டு அம்மாக்கள் பஸ் ஏறி வந்து, பரசுராமன் கண் திறந்த பொம்மைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார்கள். அப்படி ஒரு கை.

அந்தக் கை சும்மா வந்துவிடவில்லை. திருப்புட்குழியில் மழையை நம்பிப் பயிர் வைத்த குடும்பம். இரண்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பன்னிரண்டு வயதில் காலில் செருப்பில்லாமல் டவுனுக்கு நடந்து வந்து, ஒரு பொம்மைப் பட்டறையில் கூழ் இடிக்க உட்கார்ந்தார். ஆறு வருஷம் உலக்கைதான். பிறகு அச்சு அடைப்பது, பிறகு வெள்ளை பூசுவது, பிறகு சாயம். கண் எழுத அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. வரதராஜர் கோவில் தூண்களில் இருக்கிற சிலைகளைப் பார்த்துப் பார்த்து, சாப்பிட்ட தட்டில் விரலால் எழுதிப் பழகியதாகச் சொல்லுவார். முப்பது வயதில் சொந்தப் பட்டறை, முப்பத்தைந்தில் சொந்த ஓட்டு வீடு. நாலு எழுத்துப் படித்தவர்கள் எத்தனை பேருக்கு அது வாய்த்தது?

பொம்மைத் தொழிலில் ஒரு கட்டு உண்டு. பழைய காகிதத்தை ஊறவைத்து இடித்து, களிமண்ணும் புளியங்கொட்டைப் பசையும் சேர்த்துப் பிசைந்து, முன்பாதி பின்பாதி என்று அச்சில் அடைத்து எடுத்து, காயவைத்து ஒட்டி, வெள்ளை பூசி, சாயம் தீட்டி, எல்லாம் முடிந்த பிறகு கடைசியில்தான் கண். கண் திறந்துவிட்டால் அது பொம்மை இல்லை, ஒரு ஆள். அதற்கப்புறம் அதன் முகத்தில் கை வைக்கக் கூடாது. பிடிக்கவில்லை என்று வெள்ளை அடிக்கக் கூடாது, உடைத்துக் கூழில் போடக் கூடாது. பரசுராமன் இந்தக் கட்டை ஒரு நாளும் மீறினதில்லை. மீற வேண்டிய அவசியமும் அவருக்கு வந்ததில்லை, ஏனென்றால் அவர் எழுதிய கண் கோணினதே இல்லை.

அவருக்கு இரண்டு பையன்கள். மூத்தவன் பாலிடெக்னிக், இளையவன் ஒன்பதாம் வகுப்பு. டீக்கடையில் உட்கார்ந்தால் அந்த இருவர் புராணம் ஒரு மணி நேரம் ஓடும். மூன்றாவதாக ஒரு பெண் இருந்தாள், வடிவு. வயது பதின்மூன்று. நாலு வயதில்தான் நடந்தாள். பேச்சு பத்துப் பதினைந்து வார்த்தைக்கு மேல் வரவில்லை. ஒன்றைப் புரிந்துகொள்ள மற்ற பிள்ளைகளைவிட நாள் பிடிக்கும். வீட்டுக்குள் அவளுக்குத்தான் முதல் உருண்டைச் சோறு, அதுவும் அப்பா கையால்தான். ஆனால் வெளியில் யாராவது அவளைப் பற்றி விசாரித்தால், பரசுராமன் பேச்சை அப்படியே மழைக்கும் வெயிலுக்கும் திருப்பிவிடுவார். ஊர் முழுக்கத் தன் பெருமையைப் பேசிய மனுஷன் அந்த ஒரு இடத்தில் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதம். ஒரு நாள் மத்தியானம் வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரமே சோறு உண்ண வந்தால் வடிவைக் காணோம். அவர் மனைவி தேவகி சாதம் போட்டுக்கொண்டே, தறிக்காரர் தெரு பஜனை மடத்தில் ஒரு வகுப்பு நடக்கிறது, பத்து நாளாக அங்கேதான் கொண்டுபோய் விடுகிறேன் என்று அமைதியாகச் சொன்னாள். பரசுராமன் பாதிச் சோற்றில் எழுந்தார். நாலு பேர் பார்க்கிற தெருவில் பெண்ணை நடத்திக்கொண்டு போனாளா? கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினார். பெண்ணைத் திருப்பி அழைத்து வரத்தான் போனார்.

வகுப்பு நடத்தியவள் நீலாம்பாள். பட்டு நெய்கிற குடும்பத்துப் பெண், முப்பது வயது. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்காக மெட்ராசில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் வேலை பழகிவிட்டுத் திரும்பி, வீடு வீடாகப் போய்க் கெஞ்சி ஒன்பது பிள்ளைகளைச் சேர்த்திருந்தாள். பரசுராமன் மடத்துக்குள் நுழைந்தபோது அந்த ஒன்பது பேரும் வட்டமாக உட்கார்ந்து காகிதம் கிழித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் காகிதத்தைக் கிழித்ததற்கு அடி வாங்கின பிள்ளைகள் எல்லாம் இங்கே கிழி கிழி என்று கிழித்தார்கள். வடிவு கிழித்ததைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து அவர் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

சண்டை போட வந்தவர் கண்ணில் மூலையிலிருந்த பக்கெட் பட்டது. உள்ளே கையை விட்டு எடுத்தார். விரலிடுக்கில் வழிந்து ஓடியது.

“டீச்சர், இது இன்னா?”

“கூழு பண்றோம்ணா. பொம்மை செய்யலாம்னு.”

“இதுவா கூழு? இதைக் குடிக்கத்தான் முடியும்.”

அவ்வளவுதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு துணியில் கூழைக் கொட்டி முறுக்கிப் பிழிந்தார். அர்ஜுனன் என்று ஒரு பையன், பதினாறு வயது, வட்ட முகம், எப்போதும் சிரிப்பு, யாரைக் கண்டாலும் கட்டிக்கொள்ளுவான். அவன் கையில் உலக்கையைக் கொடுத்து இடிக்கச் சொன்னார். அவன் இடித்த இடியில் மடத்துப் புறாக்கள் எல்லாம் பறந்தன. வடிவு எழுந்து வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே கூழுக்குள் இரண்டு கையையும் விட்டாள். பெண்ணை அழைத்துப் போக வந்தவர் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வீடு திரும்பினார், பெண்ணோடு. மறுநாள் அவரே கொண்டுபோய் விட்டார்.

நீலாம்பாளுக்கு ஒரு யோசனை இருந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு எழுத்து சீக்கிரம் ஏறாது, ஆனால் கையால் செய்து பார்த்ததை, உடுத்திப் பார்த்ததை, தின்று பார்த்ததை மறக்க மாட்டார்கள் என்று அவள் கண்டிருந்தாள். வாரத்துக்கு ஒரு தேசம். அந்தத் தேசத்து ஜனங்கள் என்ன உடுத்துகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், எப்படி வீடு கட்டுகிறார்கள் என்று காட்டிவிட்டு, அந்த ஆளைப் பொம்மையாகச் செய்ய வேண்டும்.

“எதிர்வீட்டுக்குக்கூட கூப்பிட மாட்டேன்றாங்கணா இவங்கள. நான் ஜப்பானுக்கே கூட்டிக்கினு போறேன்,” என்றாள்.

பரசுராமன் தலையை ஆட்டினார். உலகம்தானே, எனக்குத் தெரிந்த இடம்தான் என்றார். அவர் வடக்கே திருப்பதியும் கிழக்கே மெட்ராசும் பார்த்திருந்தார்.

படத்துக்குப் பஞ்சமில்லை. பரசுராமன் கூழுக்கு வேண்டிய பழைய காகிதம் எல்லாம் சிட்டிபாபு கடையில்தான் எடுப்பார். தெலுங்குக்காரர், காகிதத்தை எடை போட்டே வயதானவர். மெட்ராசிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் சீமைப் பத்திரிகைகளும் அதில் கிடக்கும். இருபது வருஷமாக அந்தப் பத்திரிகைகளை ஒரு பக்கம்கூடப் பார்க்காமல் தண்ணீரில் ஊறப்போட்டவர், இப்போது கடை வாசலில் குந்தி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். இவருக்கு என்ன ஆயிற்று, இங்கிலீஷ் படிக்கிறாரா என்று சிட்டிபாபு கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கேட்டார்.

படத்தைக் கிழித்து எடுத்து வருவது சரி. கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாதே. அதற்காக வாயை மூடிக்கொண்டா இருப்பார்? மரச் செருப்பும் வெள்ளைத் தொப்பியும் போட்ட ஒரு பெண்ணைப் பிள்ளைகளுக்குக் காட்டி, இவள் ரஷ்யாக்காரி என்று அடித்துச் சொன்னார். நீலாம்பாள் வாங்கிப் பார்த்து, ஹாலந்து என்று போட்டிருக்கிறது என்றாள்.

“ஹாலந்துன்னும் சொல்லுவாங்க,” என்றார் பரசுராமன்.

ஹாலந்து வந்த வாரம் முழுக்கப் பிள்ளைகள் காலில் கொட்டாங்கச்சியைக் கயிறு கோத்துக் கட்டிக்கொண்டு மடம் முழுக்க டக்டக் என்று நடந்தார்கள். ஜப்பான் வந்தபோது காகிதக் குடை பிடித்து, குனிந்து குனிந்து ஒருவருக்கொருவர் வெந்நீர் கொடுத்தார்கள். மெக்சிகோவுக்கு மக்காச்சோள ரொட்டி சுட்டுத் தின்றுவிட்டு, தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு திரிந்தார்கள், அந்த ஊர்த் தொப்பி அவ்வளவு அகலம். கென்யாவுக்கு நின்ற இடத்தில் மேலே மேலே குதித்தார்கள். பாலைவனத்து ஒட்டகக்காரனுக்கு முண்டாசு கட்டிக்கொண்டு ஆடி ஆடி நடந்தார்கள். எஸ்கிமோ வாரத்தில் பரசுராமன் சோடாக் கடையிலிருந்து வைக்கோல் சுற்றிய பனிக்கட்டி ஒன்றைத் தோளில் சுமந்து வந்து நடுவில் வைத்தார். தொட்டுவிட்டுக் கத்தினவர்களும் கன்னத்தில் வைத்துக்கொண்டவர்களுமாக ஒரே கூத்து. கட்டி கரையக் கரைய அர்ஜுனன் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சட்டை நனைந்து பல் கிட்டிப் போனதுதான் மிச்சம்.

ஆவணி நடுவில் மடத்துப் பொறுப்பாளர் மாணிக்கவாசகம் வந்தார். அறுபது வயது, பத்துத் தறிக்குச் சொந்தக்காரர், நெற்றி நிறைய விபூதி. நீலாம்பாளுக்குத் தூரத்துச் சித்தப்பா முறை. கெட்ட மனுஷன் இல்லை, தெருவின் வாய்க்குப் பயந்தவர். மாசமான பெண்கள் இந்த வழியாகப் போக யோசிக்கிறார்கள், சாமி பாட்டுப் பாடுகிற இடத்தில் இந்தப் பிள்ளைகளை வைப்பதா என்று கேட்கிறார்கள் என்று சுற்றிச் சுற்றிச் சொன்னார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

“நவராத்திரிக்கு இங்க கொலு வை, நீலா. தெருப் பொம்பளைங்க வந்து இந்தப் பிள்ளைங்க கையால வெத்தலை பாக்கு வாங்கிக்கினு போனாங்கன்னா, மடம் உங்களுக்குத்தான். நான் யாருக்கும் பதில் சொல்லிக்கிறேன். வரலைன்னா விஜயதசமி அன்னிக்கு சாவியைக் குடுத்துடுமா.”

பரசுராமன் நெஞ்சை நிமிர்த்தினார். என் பொம்மை இருக்கிற கொலுவுக்கு ஆள் வராதா, மெட்ராசிலிருந்தே வருவார்கள் என்று மாணிக்கவாசகத்திடம் சவால் விட்டார். வீட்டுக்குப் போய் தேவகியிடமும் அதையே சொன்னார். அவள் கேட்டாள்:

“உன் பொம்மையைப் பாக்க வருவாங்கய்யா. நம்ம பொண்ணு கையால குங்குமம் வாங்குவாங்களா?”

இந்த வகுப்பு போனால் வடிவு மறுபடி வீட்டுக்குள்தான். அவள் இப்போது காலையில் தானே தலை வாரிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறாள். அந்தப் பெண்ணிடம் போய் நாளையிலிருந்து வகுப்பு இல்லை என்று எப்படிச் சொல்லுவது?

அதனால் கொலு பிரமாதமாக இருக்க வேண்டும் என்று வேலையில் இறங்கினார். முப்பத்தாறு பொம்மை, எல்லாம் பிள்ளைகள் கையால். அச்சுதான் சிக்கல். அவரிடம் இருந்ததெல்லாம் சாமி அச்சும், கொலுவில் கடை பரப்பி உட்காரும் செட்டியார் அச்சும்தான். உலகத்தையே அதில்தான் வார்த்தாக வேண்டும். செட்டியார் அச்சில் வார்த்த மெக்சிகோக்காரனுக்குத் தொந்தி வந்தது. ஆண்டாள் அச்சில் ஜப்பான்காரி வந்தாள், பக்கத்துக் கொண்டையைக் கொஞ்சம் மேலே தள்ளினால் போதும். புல்லாங்குழல் கிருஷ்ணன் அச்சில் கென்யாக்காரனை எடுத்தபோது கால் மேல் கால் பின்னி நின்றான். இப்படி நிற்பார்களா என்று நீலாம்பாள் சந்தேகப்பட்டுப் படத்தைத் தேடினாள். படத்தில் ஒரு மாட்டுக்காரன் கோலை ஊன்றிக்கொண்டு ஒற்றைக் காலில் மறு காலைச் சாய்த்துத்தான் நின்றுகொண்டிருந்தான்.

“மாடு மேய்க்கிறவன் எந்த ஊரா இருந்தாலும் இப்படித்தாம்மா நிப்பான். எனக்குத் தெரியாதா?” என்றார் பரசுராமன். அதில் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

கூழ் அடைத்தது, வெள்ளை பூசியது எல்லாம் பிள்ளைகள். ஆனால் கண் மட்டும் நான்தான் என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். கொலுவுக்கு ஜனம் வருவதே பரசுராமன் கண்ணுக்காகத்தானே.

நவராத்திரிக்கு ஆறு நாள் இருந்தது. வாலாஜாபாத்தில் ஒரு அரிசி ஆலைக்காரர் வீட்டுக்குத் தசாவதார செட் கொடுக்க வேண்டியிருந்தது. வெள்ளை பூசிக் காய்ந்த முப்பத்தாறு பொம்மையையும் வரிசையாக வைத்துவிட்டு, வந்து சாயம் ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிட்டுக் காலை வண்டியில் போனார். நீலாம்பாள் நாலு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தையல்காரரிடம் போயிருந்தாள். மடத்தில் தேவகி இருந்தாள். வடிவு அப்பாவின் பெட்டியைத் திறந்து, அணில் முடித் தூரிகையை எடுத்து, மைக் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். அப்பா சொன்னாரா என்று தேவகி கேட்டதற்கு, நெஞ்சில் கையை வைத்து “அப்பா” என்றாள். சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று தேவகி நினைத்துக்கொண்டாள். அப்பா செய்கிற வேலையை நான் செய்கிறேன் என்றுதான் அந்தப் பெண் சொன்னாள்.

சாயங்காலம் பரசுராமன் வந்து பார்த்தார். உடம்பெல்லாம் வெறும் வெள்ளையாக முப்பத்தாறு பொம்மை, முப்பத்தாறுக்கும் கண் திறந்திருந்தது. சாயம் இல்லை, உடுப்பு இல்லை, கண் மட்டும். அதுவும் எப்படிப்பட்ட கண். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. கருவிழி ஒன்றாவது நடுவில் இல்லை. இடது கோடியில், வலது கோடியில், சிலதில் மேல் மூலையில். இத்தனை வருஷமாகப் பட்டறைக் கதவுக்குப் பின்னால் நின்று அப்பா கண் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. தூரிகையைப் பிடித்த பிடி அவர் பிடியேதான்.

அவர் கத்தவில்லை. ஓரமாகப் போய் உட்கார்ந்தார். வெள்ளையை எடுத்து மேலே ஒரு பூச்சுப் பூசினால் அரை மணி நேரத்தில் சரியாகிவிடும். ஆனால் திறந்த கண்ணை மூடுவதா? முப்பது வருஷத்துக் கை அதற்கு வராது. புதிதாக வார்க்கலாம் என்றால் புரட்டாசி மழையில் காயாது. நீலாம்பாள் திரும்பி வந்து பொம்மைகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“இதை யாராவது பாத்தா, பரசுராமனுக்குப் பார்வை போயிடுச்சும்பாங்க,” என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

வேறு வழி இல்லை. மறுநாள் முதல் கண்ணைத் தொடாமல் சுற்றிச் சுற்றிச் சாயம் தீட்டினார்கள். அவர் மனம் வேலையில் இல்லை. பழக்கத் தோஷத்தில் ஹாலந்துக்காரி நெற்றியில் பளிச்சென்று ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டார். அர்ஜுனன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மாமா, அங்க பொட்டு இல்ல.”

“பொம்பளைன்னா பொட்டு இருக்கும்டா.”

“இல்ல மாமா. தொப்பி உண்டு. பொட்டு இல்ல.”

பரசுராமன் நீலாம்பாளைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவன் சொல்வதுதான் சரி என்றாள். துடைக்கலாம் என்று துணியை எடுத்தவர், கண் திறந்த முகம் என்பது நினைவுக்கு வந்து அப்படியே துணியைக் கீழே போட்டார். ஹாலந்துக்காரி பொட்டோடே இருந்துவிட்டாள்.

அமாவாசை அன்று ஏழு படி கட்டி வெள்ளைத் துணி விரித்தார்கள். பரசுராமன் படிக்கு ஒரு தேசமாக எல்லாப் பொம்மையையும் நேராகப் பார்க்க வைத்தார். வடிவு வந்து மெக்சிகோக்காரனைத் தூக்கி ஜப்பான்காரி பக்கத்தில் வைத்தாள். அவர் எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். அவள் மறுபடி எடுத்தாள். கென்யாக்காரனை ஹாலந்துக்காரியின் கூடைக்கு அருகில் நகர்த்தினாள். எஸ்கிமோவை ஒரு விரற்கடை திருப்பினாள். அவருக்குச் சலிப்பு வந்தது. என்னதான் பார்க்கிறாள் இவள் என்று, தரையில் முழங்கால் போட்டு, அவள் தலைக்கு நேராகத் தன் தலையை வைத்துப் பார்த்தார்.

பார்த்தவர் எழுந்திருக்கவில்லை. மெக்சிகோக்காரன் ஓரக்கண்ணால் ஜப்பான்காரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவன் தொப்பியைப் பார்த்தாள். கென்யாக்காரனுக்குக் கூடையில் என்ன என்று தெரிந்தாக வேண்டும். எஸ்கிமோப் பையன் மேல் படியில் இருந்த ஒட்டகத்தைப் பார்த்து வியந்து நின்றான். ஒருத்தனாவது சும்மா இல்லை. திருவிழாவில் ஜனம் நின்று வேடிக்கை பார்க்கிற மாதிரி அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“டீச்சர்,” என்றார் மெதுவாக. “நான் முப்பது வருஷமா சாமிக்குக் கண்ணு எழுதறவன். சாமி நேராப் பாக்கும். மனுஷன் எங்க நேராப் பாக்குறான்? பக்கத்துல இருக்கறவனைத்தான் பாப்பான். இது எனக்குத் தோணலியே.”

பிறகு எழுந்து, அவள் சொன்ன இடத்தில் எல்லாம் பொம்மையை நகர்த்தி வைத்தார். அவள் விரல் காட்டினாள், அவர் தூக்கினார்.

முதல் நாள் பிள்ளைகளுக்குத் தேச தேசமாக உடுப்புப் போட்டு, கையில் குங்குமச் சிமிழ் கொடுத்து, நீலாம்பாள் வீடு வீடாகக் கொலுவுக்கு அழைக்கக் கூட்டிப் போனாள். நீட்டிய குங்குமத்தை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, நவராத்திரியில் சொல்லவும் கூடாது. வாசலில் எடுத்துக்கொண்டார்கள், வருகிறோம் என்றார்கள். ஒருத்திகூட வரவில்லை. ஒரு அண்டா கொண்டைக்கடலைச் சுண்டலும் அப்படியே இருந்தது. அர்ஜுனனுக்கு மட்டும் அதில் வருத்தமில்லை. இரண்டாம் நாளும் அதே கதை. பரசுராமன் மடத்து வாசலில் நின்று தெருவின் இரண்டு முனையையும் பார்த்துக்கொண்டிருந்தார். மாணிக்கவாசகம் அந்தப் பக்கம் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போனார். அவருக்கும் சங்கடம்தான்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அலமு வந்தாள். கொலு பார்க்க இல்லை. சுண்டல் செய்ய நீலாம்பாள் கடன் வாங்கிய அண்டாவைத் திருப்பி எடுக்க வந்தாள். இடுப்பில் குழந்தை, வாயில் வெற்றிலை. தெருவில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்று அலமுவைக் கேட்டால் தெரியும். அண்டாவைக் கையில் எடுத்தவள், போகிற போக்கில் கொலுவைப் பார்த்தாள். அண்டாவைக் கீழே வைத்தாள்.

“இன்னாடா இது, இந்தத் தொந்திக்காரன் அவளையே பாக்குறான்?”

அர்ஜுனனுக்கு இது போதும். அவன் மெக்சிகோ, அவள் ஜப்பான், அவன் சோள ரொட்டி சாப்பிடுவான், அவள் குனிந்து கும்பிடுவாள் என்று செய்தே காட்டினான். எஸ்கிமோ பனிக்கட்டியில் வீடு கட்டுவான், உள்ளே கதகதப்பாக இருக்கும் என்றான். ஹாலந்துக்காரியிடம் வந்ததும் குரலைத் தாழ்த்தி, “பொட்டு தப்பு. மாமா வச்சிட்டாரு,” என்றான். அலமு சிரித்த சிரிப்பில் இடுப்புக் குழந்தையும் சிரித்தது. வடிவு தட்டில் வெற்றிலை பாக்கோடு வந்து நின்றாள். அலமு ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தாள். பிறகு குழந்தையை இடம் மாற்றிக்கொண்டு கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். அண்டாவை மறந்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை தெருக்குழாயடியில் தண்ணீர் வருவதற்கு முன்னே செய்தி வந்துவிட்டது. பஜனை மடத்தில் மெக்சிகோக்காரன் ஒருத்தன் ஜப்பான்காரியைப் பார்க்கிறான், அவள் புருஷன் ஒட்டகத்தோடு மேல் படியில் நின்றுகொண்டு இரண்டு பேரையும் பார்க்கிறான் என்று. நாலாம் நாள் ஐந்து பேர் வந்தார்கள். ஐந்தாம் நாள் அந்த ஐந்து பேரும் ஆளுக்கு ஒருத்தியை அழைத்து வந்தார்கள். ஆறாம் நாள் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. அவன் பார்ப்பது அவளையா அவள் குடையையா என்று இரண்டு பேருக்குப் பேச்சு முற்றிவிட்டது. நேற்று அவன் கண் இந்தப் பக்கம் இருந்தது என்று ஒருத்தி சத்தியம் செய்தாள். ஒவ்வொரு தேசத்துக்கும் ஒரு பிள்ளை நின்று தனக்குத் தெரிந்ததைச் சொன்னது, சொல்ல வராதது குதித்துக் காட்டியது, டக்டக் என்று நடந்து காட்டியது. மாசமாக இருந்த ஒரு பெண் முன் வரிசையில் உட்கார்ந்து இரண்டு கிண்ணம் சுண்டல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஆனாலும் ஒரு ஆள் பாக்கி. மாணிக்கவாசகத்தின் மனைவி கங்கையம்மாள். அந்தத் தெருவில் அவள் போகாத இடம் நல்ல இடம் ஆகாது. சரஸ்வதி பூஜை அன்று பச்சைப் பட்டுப்புடவை சரசரக்க வந்தாள். கூட்டம் விலகி வழி விட்டது. படிப்படியாக எல்லாவற்றையும் பார்த்தாள், சிரிக்கவில்லை. திரும்பிப் பரசுராமனைக் கேட்டாள்.

“கண்ணு நீதான் திறந்தியாப்பா?”

கேட்டவளுக்கும் தெரியாது, கொலு பார்க்க வந்த மற்றவர்களும் அவர் திறந்தது என்றுதான் நினைத்திருந்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“இல்லம்மா. எம் பொண்ணு திறந்தது. வடிவுன்னு பேரு. தோ, மஞ்சள் பாவாடை.”

சொல்லிவிட்டு நிறுத்தினாரா? அதுதான் இல்லை. பதின்மூன்று வருஷத்துப் பாக்கியை அங்கேயே தீர்த்துவிட்டார். தூரிகையை எப்படிப் பிடிப்பாள், முப்பத்தாறு முகத்தை ஒரே நாளில் எப்படி முடித்தாள், யாரை யார் பார்க்க வேண்டும் என்று மனசுக்குள்ளேயே கணக்கு வைத்திருந்தாள் பாருங்கள், காஞ்சிபுரத்தில் எவனுக்கு இந்தக் கை வரும், எனக்கே வராது என்று அவர் பேசிக்கொண்டே போக, தேவகி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போதும் நிறுத்துய்யா, அந்தம்மா நிற்கிறாங்க என்று இழுக்க வேண்டியிருந்தது.

வடிவு தட்டை எடுத்து வந்தாள். எல்லாருக்கும் குங்குமத்தை நீட்டினவள், கங்கையம்மாளுக்கு மட்டும் என்ன நினைத்தாளோ, விரலால் தொட்டுத் தானே நெற்றியில் வைத்தாள். நடு நெற்றிக்கு ஒரு விரல் தள்ளி விழுந்தது. கங்கையம்மாள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். தட்டிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். “தீர்க்காயுசா இரு, கண்ணு,” என்று சொல்லிவிட்டு, அந்தக் கோணல் பொட்டோடு தெரு நடுவே நடந்து வீட்டுக்குப் போனாள். வழியில் இரண்டு பேர் துடைத்து நேராக வைத்துவிடட்டுமா என்று கேட்டார்களாம். எதற்கு என்று கேட்டுவிட்டுப் போனாளாம்.

மாணிக்கவாசகம் விஜயதசமி காலையில் வந்தார். சாவியைக் கொடுக்க நீலாம்பாள் தயாராக இல்லை, அவரும் கேட்கவில்லை. ஒன்பது நாளாக பஜனைக்கு உட்கார இடமில்லாமல் கோவில் மண்டபத்துக்குப் போக வேண்டியதாயிற்று என்று குறைப்பட்டுக்கொண்டார். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் இடத்தைக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்துவிடுங்கள், மற்ற நாளெல்லாம் உங்களுடையது என்றார். பேசிக்கொண்டிருந்தவர் கண் படி மேலேயே இருந்தது. போகிறபோது அர்ஜுனனைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த ஒட்டகக்காரன் யாரைப் பார்க்கிறான் என்று மெல்லக் கேட்டார்.

அடுத்த வருஷம் ஆவணியில் மயிலாப்பூர் அம்மாக்கள் கேள்விப்பட்டு வந்து, பக்கத்தில் இருக்கிறவரைப் பார்க்கிற பொம்மை வேண்டும் என்று கேட்டார்கள். பரசுராமன் தூரிகையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு நாள் முழுக்க எழுதினார். விழியை எவ்வளவு ஓரமாகத் தள்ளினாலும் அவர் எழுதினது எல்லாம் பெருமாள் மாதிரி நேராகவே பார்த்தது. ஒன்று மட்டும் கோணியது, அதற்கு மாறுகண் ஆகிவிட்டது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த வடிவு, உச்சுக் கொட்டி, அப்பா கையிலிருந்து தூரிகையை வாங்கிக்கொண்டாள்.

“நகரு,” என்றாள்.

அவர் நகர்ந்து உட்கார்ந்து மை உரைத்துக் கொடுத்தார்.